மழை நாளுக்குக் கூலி எங்கே?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே! போன மாதச் சம்பளச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். வேலை செய்த நாள் எத்தனை என்பதற்கு அதில் ஒரு கட்டம் இருக்கும். பெரட்டுக்குப் போய் நின்ற நாள் எத்தனை என்பதற்கு எந்தக் கட்டமும் இருக்காது. இல்லாத அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறோம்.

சட்டம் மாறிவிட்டது, மாறிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. மாறியது உண்மைதான். 1955-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1957-இல் அமுலுக்கு வந்த வேலைச் சட்டம் 2022-இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. திருத்தம் 2023 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வாரத்துக்கு 48 மணி என்றிருந்த வேலை நேரம் 45 மணியாயிற்று. பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகப்பனுக்கும் 7 நாள் விடுமுறை கிடைத்தது. சபாவிலும் சரவாக்கிலும் அவரவர் சட்டங்கள் 2025 மே 1 முதல் இதே வழிக்கு வந்துவிட்டன. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளியாகி, 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளியாக நிற்கிறது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் சின்ன முதலாளிக்கு மட்டும் 2025 ஆகஸ்ட் 1 வரை தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணையும் முடிந்துவிட்டது.

இதற்காக முதலாளிமார் சும்மா இருந்தார்களா? இல்லை. கருத்தரங்கு நடத்தினார்கள். வக்கீல்களை அழைத்து வகுப்பு வைத்தார்கள். விதிப் புத்தகத்தைத் திருத்தி வழவழப்பான தாளில் அச்சடித்தார்கள். ஆபீஸ் சுவரில் புதுப்புது நோட்டீசுகள் தொங்குகின்றன. இத்தனையும் ஆபீஸ் வாசலோடு நின்றுவிட்டதுதான் நம் குறை. அங்கிருந்து நிரைக்குப் போகும் செம்மண் பாதை நீளமானது. சட்டத்துக்கு அவ்வளவு தூரம் நடக்கக் கால் இல்லை போலும்!

ஒரு விவகாரத்தைச் சொல்கிறோம். வடக்கே ஒரு தோட்டம். பேச்சு இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை. அங்கே பதினெட்டு ஆண்டுகளாகப் பால் மரம் வெட்டும் ஓர் அக்கா தம் சீட்டைக் கொண்டுவந்து எங்கள் மேசைமேல் வைத்தார். அந்த மாதம் அவர் 19 நாள் வெட்டியிருக்கிறார். மற்ற 7 நாளும் மழை. அந்த ஏழு நாளும் அவர் வீட்டில் படுத்திருக்கவில்லை. விடியுமுன் எழுந்து, சோறு கட்டி, வாளியோடு பெரட்டுக் களத்தில் போய் நின்றிருக்கிறார். ஒன்பது மணி வரை நிற்க வைத்துவிட்டு, "மரம் நனைஞ்சிருக்கு, இன்னைக்கு வெட்டு இல்லே" என்று தண்டல் திருப்பி அனுப்பியிருக்கிறார். மாதக் கடைசியில் கைக்கு வந்த நாட்கூலி 19 நாளுக்கு 65 வெள்ளி 38 காசு வீதம் 1,242 வெள்ளி 22 காசு.

"தம்பி, மழை பேஞ்சது என் குத்தமா?" என்று கேட்டார் அந்த அக்கா. வேறொன்றும் கேட்கவில்லை.

நாங்கள் நிர்வாகத்திடம் போனோம். வேலைச் சட்டத்தின் 16-வது பிரிவைக் காட்டினோம். இது நேற்று வந்த திருத்தமல்ல, பழைய பிரிவு. தோட்ட வேலையில் நாள் கணக்கில் கூலி வாங்கும் ஆளுக்கு முதலாளி மாதத்தில் 24 நாளாவது வேலை கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியவில்லையானால், வேலை செய்யச் சித்தமாகவும் தகுதியோடும் ஆள் வந்து நின்ற நாளுக்கு, வேலை செய்திருந்தால் என்ன கூலியோ அதே கூலியைக் கொடுத்தாக வேண்டும். இரண்டும் செய்யாத முதலாளி ஒப்பந்தத்தைத் தானே முறித்தவர் ஆகிறார். வேலை கொடுக்காததற்கு மழை காரணமா, இயந்திரம் காரணமா என்று அந்தப் பிரிவு தொழிலாளியைக் கேட்கவில்லை. நம் அக்கா 24 நாளுக்கு மேலேயே வந்து நின்றவர். ஆகவே இன்னும் 5 நாள் கூலி, அதாவது 326 வெள்ளி 90 காசு, அவருக்குச் சேர வேண்டும் என்றோம்.

நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? "இவர்கள் நாள் சம்பளக்காரர்கள் அல்லர். பாலின் எடைக்குக் கூலி வாங்கும் பீஸ்ரேட் ஆட்கள். 16-வது பிரிவு இவர்களுக்குப் பொருந்தாது."

சரி, அப்படியே இருக்கட்டும் என்று குறைந்தபட்சச் சம்பள உத்தரவை எடுத்து விரித்தோம். எடைக்கும், நிரைக்கும், நடைக்கும் கூலி வாங்கும் ஆளுக்கும் மாத வருமானம் 1,700 வெள்ளிக்குக் குறையக்கூடாது என்பது அதில் உள்ள விதி. பீஸ்ரேட் என்றால் 1,242 வெள்ளி 22 காசுக்கு மேல் இன்னும் 457 வெள்ளி 78 காசு கொடுங்கள் என்று கேட்டோம். அதே நாற்காலியிலிருந்து, அதே வாயிலிருந்து, பத்து நிமிஷத்துக்குள் வந்த பதிலைக் கேளுங்கள்: "மாதம் முழுக்க வேலை செய்தவருக்குத்தான் 1,700. இவர்கள் நாள் சம்பளக்காரர்கள். வேலை செய்த நாளுக்குத்தான் கணக்கு."

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்! வேலை கொடுக்கும் கடமையைப் பேசினால் நம் ஆள் பீஸ்ரேட் ஆகிவிடுகிறார். மாதச் சம்பளத்தைப் பேசினால் நாட்கூலி ஆகிவிடுகிறார். ஒரே மனுஷி, ஒரே வாளி, ஒரே நிரை. பெயர் மட்டும் நிர்வாகத்தின் வசதிக்குத் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான். எந்தப் பெயரை வேண்டுமானாலும் வையுங்கள். வைத்த பெயரில் நில்லுங்கள். நாட்கூலி என்றால் 24 நாளுக்குக் கூலி வரட்டும். பீஸ்ரேட் என்றால் 1,700 வெள்ளி வரட்டும்.

சொந்த வேலையாகத் தானே வராமல் நின்ற நாளுக்கு நாங்கள் கூலி கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறோம். பொய்க் கணக்கோடு பேச்சு மேசைக்குப் போகும் பழக்கம் இந்தச் சங்கத்துக்கு இல்லை.

"ரப்பர் விலை விழுந்து கிடக்கிறது, மழை ஆண்டவன் செயல், நஷ்டத்தை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டாமா?" என்று நல்ல மனதோடு கேட்கும் மானேஜர்களும் உண்டு. அவர்களுக்கு மரியாதையாகவே பதில் சொல்கிறோம். மரம் யாருடையது? நிலம் யாருடையது? விலை ஏறுகிற மாதத்தில் லாபம் யார் கணக்கில் ஏறுகிறது? லாபத்துக்கு உடையவர் ஒருவர் இருக்கும்போது மழைக்கு மட்டும் கூட்டாளி தேடுவது என்ன வியாபாரம்? மழைக் காலம் எப்போது வரும், இலையுதிர் காலத்தில் பால் எவ்வளவு குறையும் என்பதெல்லாம் நூறு வருஷமாகத் தோட்டம் நடத்துகிறவர்களுக்குத் தெரியாத சங்கதியா? மரத்துக்கு மழைத் தடுப்பு கட்டலாம். வெட்டு இல்லாத நாளில் புல் வெட்டவும் மருந்து போடவும் ஆள் அனுப்பலாம். தகுதிக்கேற்ற வேலை என்றுதான் சட்டமும் சொல்கிறது. ஒன்றும் செய்யாமல் திருப்பி அனுப்புவது சுலபம். செலவு தொழிலாளியின் தலையில் விழுவதால்தான் அது சுலபமாக இருக்கிறது.

இனி 45 மணிக்கு வருவோம். ஆறு நாள் வாரத்தில் நாளுக்கு அரை மணி குறைந்தது. நல்லது. ஐந்நூறு மரம் வெட்டியவருக்கு இன்று எத்தனை மரம்? அதே ஐந்நூறு! வெட்டி, பால் எடுத்து, ஸ்டோருக்குச் சுமந்து, நிறுத்துக் கொடுத்து, மங்கைக் கவிழ்த்து வருவதற்கு அதே நேரந்தான் ஆகிறது. கடிகாரத்தில் மூன்று மணி குறைத்தோம் என்று இலாகாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நிரையில் ஒரு மரங்கூடக் குறைக்காமல் இருந்தால் அந்த மூன்று மணியை யார் தின்றார்கள்? மணிக் கணக்கிலேயே பார்க்கலாம். 1,700 வெள்ளியை 12-ஆல் பெருக்கி 52 வாரத்துக்குப் பிரித்து 45 மணியால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு வருகிறது. வாரத்துக்கு மூன்று மணி என்றால் 26 வெள்ளிக்கு மேல். மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்ற விதியையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆகவே நிரையின் அளவை மறுபடி எண்ண வேண்டும். நிர்வாகமும் கிளைக் கமிட்டியும் சேர்ந்து நடந்து, எண்ணி, எழுத வேண்டும். இது எங்கள் கோரிக்கை.

கிராணிமார் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் பங்கு இனிமேல்தான் வருகிறது. முன்பெல்லாம் மாதம் 2,000 வெள்ளியைத் தாண்டிய குமாஸ்தா வேலைச் சட்டத்துக்கு வெளியே நின்றார். 2023 முதல் சம்பளம் எவ்வளவானாலும் சட்டம் எல்லாரையும் தழுவுகிறது. மிகைநேரக் கூலி, ஓய்வுநாள் வேலைக் கூலி போன்ற சிலவற்றுக்கு மட்டும் 4,000 வெள்ளி எல்லை. மாதம் 2,600 வெள்ளி வாங்கும் கிராணியை எடுத்துக்கொள்ளுங்கள். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 100 வெள்ளி. எட்டு மணி நாளானால் மணிக்கு 12 வெள்ளி 50 காசு. ஒன்றரை மடங்கு 18 வெள்ளி 75 காசு. மாதக் கடைசியில் செக்ரோல் மூடுவதற்காக இரவெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து 20 மணி மிகையாக வேலை செய்தவருக்கு 375 வெள்ளி சேர வேண்டும். எத்தனை பேர் வாங்கினீர்கள்? "நம்ம ஆபீஸ் வேலைதானே" என்ற தட்டிக்கொடுத்தலும் ஒரு தேத்தண்ணீரும் வாங்கியவர்களையே நாங்கள் அதிகம் பார்த்திருக்கிறோம்.

உரிமையைச் சொன்ன வாயால் ஒரு வேண்டுகோளும் வைக்கிறோம். பெரட்டுக்கு வந்து நின்ற ஆளுக்கு மழை நாளன்று செக்ரோலில் என்ன எழுதுகிறீர்கள்? பல தோட்டங்களில் வெறும் சுழி. சில இடங்களில் 'வரவில்லை' என்றே எழுதுகிறார்கள். தோழரே, அந்த ஒரு சுழியில் ஒரு குடும்பத்தின் 65 வெள்ளி 38 காசு கிடக்கிறது. 'வந்தார், மழை, வேலை கொடுக்கப்படவில்லை' என்று எழுதுங்கள். நடந்ததை எழுதச் சொல்கிறோம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நடக்காததை எழுதும்படி உங்களுக்கு உத்தரவு வந்தால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வராது என்பது எங்கள் அனுபவம்.

பெண்களின் விவகாரத்தில் சட்டம் உண்மையாகவே ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. 98 நாள் என்பது பதினான்கு வாரம். பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருந்து, கடைசி நான்கு மாதத்துக்குள்ளும் வேலையில் இருந்தவருக்குப் படி உண்டு. ஐந்து குழந்தைகள் வரை என்பது எல்லை. கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்குவதே இப்போது குற்றம். ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறினார், தவறு செய்தார், அல்லது தொழிலையே மூடுகிறோம் என்று காரணம் காட்டினால், கர்ப்பத்துக்காக நீக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியுடையது. தகப்பனின் 7 நாளுக்கு அதே முதலாளியிடம் 12 மாத வேலையும், முடிந்தால் 30 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். மருமகனுக்கும் மகனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நம் ஆண்கள் கேட்கக் கூச்சப்பட்டே விட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் என்பது இப்போது தனிக் கணக்கு. முன்போல் சாதாரண நோய் விடுமுறையை அதில் கழிக்கக்கூடாது.

பாலியல் தொல்லையைப் பற்றிய அறிவிப்பை எல்லாரும் பார்க்கும் இடத்தில் எந்நேரமும் வைத்திருக்க வேண்டும் என்பதும் புதுக் கட்டளை. மானேஜர் அறைக்குப் பக்கத்தில், பைல் அலமாரிக்கு மேல், ஒரே மொழியில் ஒட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்த்தோம். அந்த அறைக்குப் போவதற்கே பயப்படும் பெண் அதை எப்படிப் படிப்பாள்? பெரட்டுக் களத்திலும் ஆயாக் கொட்டகையிலும் ஸ்டோரிலும், வேலை செய்கிறவர்கள் படிக்கத் தெரிந்த மொழிகளிலெல்லாம் அது இருக்க வேண்டும்.

இப்போது குத்தகைக்காரர் கதை. இந்த நாட்டுத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் கங்காணியின் கையில் இருந்தார்கள். பெரட்டில் நிற்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு போயிற்று. அந்த முறை ஒழிந்தது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தோம். இன்றைய குத்தகைக்காரர் லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்குகிறார். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். கேட்டால், "அவர்கள் எங்கள் ஆட்களே அல்லர், தனி வியாபாரம் செய்கிறவர்கள்" என்கிறது தோட்டம். பால் வெட்டும் கத்தியைக் கையில் கொடுத்து, நிரையைக் காட்டி, மணியடித்து அழைத்து, பாலை நிறுத்து வாங்கி, மாதந்தோறும் காசு கொடுக்கிற இடத்தில் என்ன தனி வியாபாரம்?

இந்த விளையாட்டுக்காகவே 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 101சி என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை செய்யும் முறையும் நேரமும் பிறர் கட்டுப்பாட்டில் இருந்தால், கருவியைப் பிறர் கொடுத்தால், வேலை அந்தத் தொழிலின் முக்கிய அங்கமாக இருந்தால், வருமானத்தில் பெரும்பகுதி அங்கிருந்தே தவணை தவறாமல் வந்தால், இப்படிப்பட்ட அடையாளங்களை வைத்து அவரை வேலைக்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுவது முக்கிய அங்கமல்ல என்று வாதாடும் வக்கீலைப் பார்க்க நாங்களும் ஆசைப்படுகிறோம். இன்னொன்று: குத்தகைக்காரர் கூலி கொடுக்காமல் ஓடிவிட்டால், மூன்று மாதக் கூலி வரை தோட்டத்தையும் பொறுப்பாக்க 33-வது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். "வருவார், கொடுப்பார்" என்று நான்கு மாதம் காத்திருந்துவிட்டு எங்களிடம் வந்தவர்களைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறோம்.

நிரையில் நமக்குப் பக்கத்தில் நிற்கும் இந்தோனேசியரும் வங்காளதேசியும் நேப்பாளியும் நமக்குப் போட்டி என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் உண்டு. நம்பாதீர்கள். 1,700 வெள்ளி அவர்களுக்கும் உண்டு. சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு அவர்களுக்கு 2019 முதல் உண்டு. 2025 அக்டோபர் முதல் சேமநிதிக்கு முதலாளி 2 விழுக்காடும் அவர்கள் 2 விழுக்காடும் செலுத்துகிறார்கள். அவர்களை மலிவாக வைத்திருக்க முடிகிற வரைக்கும் நம் கூலியும் ஏறாது. அவர்களுடைய பாஸ்போர்ட்டை ஆபீஸ் பெட்டியில் பூட்டி வைப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படியே குற்றம். மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, இடத்தை விட்டுப் போகவிடாமல் தடுத்தால், புதிய 90பி பிரிவின்படி 1,00,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2020-இல் அமெரிக்கச் சுங்க இலாகா இரண்டு பெரிய மலேசியத் தோட்டக் கம்பெனிகளின் செம்பனை எண்ணெயைக் கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் துறைமுகத்திலேயே தடுத்ததே, அதற்குப் பிறகுதான் பல முதலாளிமாருக்குப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும் ஞானம் பிறந்தது. தொழிலாளி கேட்டபோது பிறக்காத ஞானம்!

முதலாளிமாருக்குக் கஷ்டமில்லாமல் அவர்கள் செய்ய வேண்டியதை நாங்களே சொல்லிவிடுகிறோம். ஒவ்வொருவருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் கொடுங்கள், அவருக்குப் புரியும் மொழியில். நாட்கூலியா பீஸ்ரேட்டா என்று அதில் தெளிவாகப் போடுங்கள். சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுங்கள். சீட்டில் பெரட்டுக்கு வந்த நாள், வேலை கொடுத்த நாள், வேலை கொடுக்காத நாள் என்று மூன்று கட்டம் போடுங்கள். பதிவேட்டை ஆறு ஆண்டு வைத்திருப்பது உங்கள் கடமை. அதில் உண்மையை வைத்திருங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிக்கு இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் வாங்குங்கள். தனித் தண்டனை குறிப்பிடாத குற்றங்களுக்கு வேலைச் சட்டத்தில் பொது அபராதம் 10,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளி வரை ஏறியிருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்காவிட்டால் ஆள் ஒன்றுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விழலாம். 457 வெள்ளி 78 காசுக்காக அந்தப் பாதையில் போக வேண்டுமா என்று உங்கள் கணக்கரைக் கேட்டுப் பாருங்கள்.

தோழர்களுக்கு ஒரு வேலை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில், பெரட்டுக்குப் போன ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போடுங்கள். திருப்பி அனுப்பிய நாளில் மணியையும், அனுப்பியவர் யார் என்பதையும் எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். கூட நின்ற இரண்டு பேரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துச் சம்பளச் சீட்டோடு சேர்த்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். கூலி பாக்கிக்குத் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய வக்கீல் தேவையில்லை. தாளும் சாட்சியும் போதும்.

அந்த வடக்குத் தோட்டத்து அக்கா அப்படித்தான் செய்திருந்தார். பலசரக்குக் கடை நாட்காட்டித் தாளில் ஏழு நாளுக்கு நேராகப் பென்சிலால் சின்னச் சின்னக் குடை வரைந்திருந்தார். நிர்வாகத்தின் செக்ரோலையும் அந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இலாகாவுக்கு மனு எழுதியிருக்கிறோம். அவரோடு அதே பெரட்டில் நின்ற மற்றவர்களும் தங்கள் சீட்டுகளைக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.